தூக்குவலை

கடல் ஊருக்குள் புகுந்து மூன்றாம் நாள். பாசிக்குடாவில் வெயில் சாய்கிறது. அலை அடித்துப்போட்ட மீராலெவ்வையின் சவாரிக் குதிரை எழும்பமாட்டாமல் கிடக்கிறது. இன்னும் ஓர் இரவு கிடந்தால் செத்துவிடும். அவர் மீன்வலையை மடித்துத் தைத்து அதன் வயிற்றுக்கடியில் கொடுத்து, கிணற்றுக் கப்பிகளை வேப்பங்கிளையில் கட்டிக் கயிறு ஓட்டியிருக்கிறார். இரண்டு தடவை வலை கிழிந்துவிட்டது. உள்ளங்கையில் இரத்தம். "ஏலாதுங்க, உட்டுருங்க," என்கிறாள் மனைவி றமீஸா. "நீயும் வந்து புடி புள்ள." இருவரும் இழுக்கிறார்கள். கிளை முனகுகிறது. மணல் அப்பிய வயிறு மெல்ல மேலெழ, நடுங்கும் கால்கள் நான்கும் தரையில் ஊன்றுகின்றன. "நிக்குது, அல்லாஹ்வே!" றமீஸா விம்முகிறாள். குதிரை நிற்கிறது. திடீரென்று அதன் காதுகள் இரண்டும் விறைத்துக் கடல் பக்கம் திரும்புகின்றன. அந்தப் பக்கம் பார்க்க மீராலெவ்வைக்குத் துணிவு வரவில்லை. கயிற்றை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்.