குழந்தைவேலு ஏறிய கோர்ட்டு

இல்-பிசார் தீவிலிருந்த தன் வீட்டின் கூடத்தில் ஜெயராம் ஸ்டூல்மேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தார். சுவரின் இந்தப் பக்கம் அவருடைய பொறியியல் பட்டம், அந்தப் பக்கம் மகள் அம்ருதாவின் மருத்துவப் பட்டம். நடுவில் மாட்டுவதற்காகக் கண்ணாடி போட்ட வெறும் சட்டம் ஒன்று சோபாவில் காத்திருந்தது.

“வாம்மா நிரோஜா. நீ கொண்டு வந்த பேப்பர் இதுலதான் போகப் போகுது. என் அறுபதாம் கல்யாணத்துக்கு வர்ற அத்தனை பேரும் பார்க்கணும்.”

நிரோஜா கைப்பையை அணைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். தென்னாப்பிரிக்காவில் வெள்ளைக்காரன் ஆண்ட நேட்டாலின் பழைய கோர்ட்டுப் பதிவுகளைப் பற்றித்தான் அவள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள்.

அது தெரிந்த அன்றே ஜெயராம் பிடித்துக்கொண்டார். “எங்க கொள்ளுத்தாத்தா குழந்தைவேலு அங்க கோர்ட்டுல பேர் வாங்கினவர். எத்தனை தடவை ஏறினார்னு மட்டும் சரியாப் பார்த்துச் சொல்லு.” மொழிபெயர்ப்பாளராக இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் அவளும் தேடினாள்.

கிடைத்தது வேறு. நகரின் மறுகோடியில் தான் குடியிருக்கும் செயின்ட்-மிஷேலிலிருந்து மெட்ரோவும் பஸ்ஸுமாக மாறி மாறி வந்த வழியெல்லாம் இதை எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தாள். அவளுடைய மகனுக்கு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கார்டெரியில் இடம் கிடைக்கத் தானே அலைந்து திரிந்த மனிதர் இவர்.

ஜெயராமின் மனைவி வசந்தகுமாரி காபியை நீட்டினாள். “ஏம்மா முகம் வாடியிருக்கு? ஒண்ணும் கிடைக்கலையா?”

“கிடைச்சது அன்ரி. ஆனா அதைச் சுவரிலை மாட்ட வேண்டாம்.”

ஜெயராம் சுத்தியலோடு கீழே இறங்கினார்.

“அங்கிள், அவர் கோர்ட்டிலை வேலை செய்யேல்லை. கூண்டிலை நிண்டவர். முதலாளி தாற பாஸ் இல்லாமல் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளிக்கிட்ட குற்றம். பிடிபட்ட ஒவ்வொரு முறையும் ஏழு நாள் மறியல், சிறைக்குள்ளை கல்லுடைக்கிற வேலையோட.”

“எங்க போனாராம்?”

“பதினொரு மைல் தள்ளி வேறை ஒரு தோட்டம். அவரின்ரை மனிசியை அங்கை வேலைக்குப் போட்டிருந்தவங்கள். ஞாயிற்றுக்கிழமையிலை நடந்து போய்ப் பாக்கிறவர்.”

தாளை விரித்து வாசிக்கக்கூட அவளுக்கு மனம் வரவில்லை. நினைவிலிருந்தே சொன்னாள். “கடைசி வழக்கிலை, இனியும் போவியோ எண்டு நீதவான் கேட்டிருக்கிறார். அதுக்கு இவர், என்னை விடுற நாள் ஞாயிற்றுக்கிழமையோ எண்டு திருப்பிக் கேட்டவராம்.”

வசந்தகுமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயராம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்தார்.

வந்திருக்கவே கூடாது என்று நிரோஜாவுக்குத் தோன்றியது. போனிலேயே கிடைக்கவில்லை என்று சொல்லி முடித்திருக்கலாம்.

“மொத்தம் எத்தனை தடவைம்மா?” என்று கேட்டார் ஜெயராம்.

“பதினாலு,” என்றாள், தரையைப் பார்த்தபடி. “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அங்கிள்.”

ஜெயராம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“பதினாலாம் வசந்தி. நாம இன்விடேஷன்ல பன்னெண்டு தடவை ஜெயிலுக்குப் போனவர்னுல்ல அடிச்சுட்டோம்.”