மூன்றாம் மாடி மசாஜ்

"கேட்டேளா? மூணாம் மாடில மசாஜ் பார்லர் நடக்கறது!"

பேப்பரிலிருந்து வேதாந்தம் தலையைத் தூக்கினார். "யார் வீட்டுல?"

"தூங்கிண்டிருந்தவர் எப்படி முழிச்சுக்கறார் பாரு! அந்த சுபாஷிணி வீட்டுலதான். ஆத்துக்காரர் பம்பாய்ல. சனிக்கிழமை ஆனா மூணு மணிக்கு ஒருத்தி ஆட்டோல வந்து இறங்கறா. கிராப்புத் தலை, ஜீன்ஸ், கையில எண்ணெய் பாட்டில். ஒரு மணி நேரம் கதவு தாப்பாள். உள்ளேர்ந்து முனகல் வேற!"

"யாருக்காவது முதுகுவலியா இருக்கும் ஹம்சா."

"முப்பது வயசுல என்ன முதுகுவலி? இது சர்க்கார் குவார்ட்டர்ஸ். நான் விடமாட்டேன்."

விடவில்லை. புதன்கிழமைக்குள் டெல்லி கிட்வாய் நகரில் அந்த வரிசை முழுக்க விஷயம் பரவியது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த மாமிகள் காயைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை அந்த ஒருத்தி நாலு பேராகியிருந்தாள்.

சனிக்கிழமை மூன்றேகாலுக்கு, காலனி சங்கச் செயலாளரின் மனைவி விசாலாக்ஷியைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு ஹம்சா மாடி ஏறினாள். உறைமோர் கேட்கிற சாக்கில் கையில் ஒரு காலி டம்ளர்.

சுபாஷிணி கதவைக் கால்வாசி திறந்தாள். "மாமி, ஒரு முக்கால் மணி கழிச்சு வர்றீங்களா?"

"அப்படி என்னடியம்மா ரகசியம்?" தள்ளிக்கொண்டு உள்ளே போனாள் ஹம்சா.

"ஆண்ட்டிஜி, சப்பல் பாஹர்!"

செருப்பை வெளியே விடச் சொல்லி அதட்டியவள் கிராப்புத் தலைக்காரி. தரையில் மெத்தை விரித்து, குப்புறப் படுத்திருந்த ஒரு பெண்ணின் முதுகை உள்ளங்கையால் அழுத்தி நீவிக்கொண்டிருந்தாள்.

படுத்திருந்தவள் தலையைத் திருப்பினாள். சந்திரம்மாள்! ஹம்சா வீட்டில் பன்னிரண்டு வருஷமாகப் பெருக்கித் துடைப்பவள்.

"அம்மா... ரேஷன் கடைக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு வந்துட்டேன். வேலையை விட்டு நிறுத்திடாதீங்கம்மா!" போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அழுதாள்.

"கூன் விழுந்திருந்துது மாமி" என்றாள் சுபாஷிணி. "மல்லாந்து படுக்கக்கூட முடியாம இருந்தாங்க. கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து எனக்குக் கழுத்து வலி வந்தப்போ இந்த மசாஜ் பண்றவங்கதான் சரி பண்ணினாங்க. சந்திரம்மாளோட ஜுக்கிக் குடிசையில மெத்தை விரிக்க இடம் ஏது? அதான் ரெண்டு மாசமா இங்கே வரச் சொல்றேன். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு அவங்கதான் கெஞ்சினாங்க."

கிராப்புத் தலைக்காரி கையை எடுக்காமலே இந்தியில் சொன்னாள். "வருஷக்கணக்கா இவளைக் குனிய வெச்சே கையால தரை துடைக்கச் சொன்னவங்க யாரோ, அவங்களைப் படுக்கப் போட்டு மிதிக்கணும்!"

ஹம்சா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். இரண்டு மாதமாகச் சந்திரம்மாள் தன் முன்னால் கொஞ்சம் நிமிர்ந்து நின்று பேசுவதைக் கண்டு, திமிர் ஏறிவிட்டது என்று எரிந்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

விசாலாக்ஷி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தப்பா நெனச்சுட்டோம் சுபா."

ஹம்சாவுக்கும் கண் கலங்கியது. மெத்தை ஓரமாக உட்கார்ந்து சந்திரம்மாளின் தோளைத் தடவினாள். "அசடே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? நான் என்ன ராட்சசியா? நன்னா குணமாக்கிண்டு வா."

வீட்டுக்கு வந்ததும் வேதாந்தம் கேட்டார். "என்ன, பார்லரை மூடியாச்சா?"

"சேச்சே! அந்தப் பொண்ணு தங்கம்னா! நம்ம சந்திரம்மாளுக்குக் கூனை நிமிர்த்திண்டிருக்கா. இன்னும் ஆறே வாரத்துல முழுசா நிமிர்ந்துடுவாளாம்."

"ரொம்ப நல்லதாப் போச்சு."

"பின்னே? ஃபேன், பரண், ஒட்டடை எல்லாம் இனிமே அவளே எட்டித் துடைச்சுடுவா. அதுக்குன்னு தனியா ஆள் தேட வேண்டாம் பாருங்கோ!"