ஆர்வில் கடை வைஸ்

"துப்பாக்கியை அசையாம இறுக்கிப் பிடிக்கன்னு டஸ்டினுக்கு நீங்க வித்தீங்களே ஒரு வைஸ், அதே மாதிரி ஒண்ணை எடுத்து மேசை மேல வைங்க."

ஆர்வில் காம்ப்ஸின் கையிலிருந்த காப்பிக் குவளை வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது. மான் வேட்டை தொடங்க நான்கே நாள். அந்தக் கென்டக்கி மலையூரின் ஒரே இரும்புக்கடையான அவர் கடையில் தோட்டாவும் எண்ணெயும் ஆரஞ்சு நிற மேல்சட்டையும் வாசல் வரை அடுக்கிக் கிடந்தன.

கேட்டுவிட்டு எதிரே நின்ற ஷெல்பி நகரவில்லை. "ஊர்ல யார்கிட்ட வேணும்னாலும் வாயாடு. ஆர்வில்கிட்ட மட்டும் அந்தப் பேச்சை எடுத்துடாதே" என்று அம்மா சொல்லியிருந்தாள். அக்கா லீயானைப் புதைத்த அன்று ஆரம்பித்த அந்த எச்சரிக்கை இரண்டு மாதமாகத் தினம் நடந்தது.

"உனக்கு எதுக்கும்மா வைஸ்? நீ துப்பாக்கியே தொட மாட்டியே" என்றார் ஆர்வில்.

"எங்க அக்காவைக் கொன்னது எப்படி இருக்கும்னு பார்க்கணும்."

அடுப்போரம் உட்கார்ந்திருந்த ஹெர்ஷல் கிழவர் சிரித்தார். "நாலு வருஷம் லெக்சிங்டன்ல காலேஜு. திரும்பி வந்து இரும்பு மேல கேஸ் போடுது பாரு."

"எங்க வீட்டுல எனக்கு முன்னாடி யாரும் காலேஜ் வாசலை மிதிக்கல பெரியவரே. அதான் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிட்டாங்க. எனக்குத் தலையாட்டப் பிடிக்கல."

அக்கா புருஷன் டஸ்டின் சொன்ன கதை ஊருக்கே மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை மதியம் கொட்டகையில் துப்பாக்கியை வைஸில் மாட்டி, பின்பக்கமாகக் குச்சி விட்டுக் குழலைத் துடைத்தானாம். லீயான் சாப்பிடக் கூப்பிட வாசலில் வந்து நின்றாளாம். வைஸின் பிடி நழுவியதாம், துப்பாக்கி திரும்பி வெடித்ததாம். கூட இருந்து பார்த்தவர் யாருமில்லை.

"உங்க வைஸ் நழுவிச்சு, எங்கக்கா செத்தா" என்றாள் ஷெல்பி சத்தமாக. "இந்த சீசன்ல இன்னும் எத்தனை பேர் தலையில கட்டப் போறீங்க?"

கடைக்குள் பொருள் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன், கையிலிருந்த வைஸ் பெட்டியை மெதுவாகத் தட்டிலேயே திருப்பி வைத்தான். ஆர்வில் அதைப் பார்த்துவிட்டார். முகம் சிவந்தது.

"ஏய், நீ எதுக்கு வைக்கிறே? இங்க வா. நீயும் பாரு."

இரண்டு வைஸ்களைத் தூக்கி வந்து மேசை மேல் போட்டார்.

"இது இரும்பு. குழாய், கம்பி பிடிக்கிறது. இதுல துப்பாக்கியை வெச்சு முறுக்கினா கட்டை விரிசல் விடும், குழல்ல பல்லு பதியும். இந்த வேலைக்கு இதை நான் எவனுக்கும் குடுத்ததில்ல. டஸ்டின் வாங்கினது இந்த ரெண்டாவது. வாயில ரப்பர் இருக்கு பாரு. முன்னால குழலைத் தாங்க ஒரு கவட்டை. அடியில நாலு திருகாணி, மேசையோட சேர்த்து முடுக்கிடணும். நானே அவன் கொட்டகைக்குப் போய் முடுக்கிக் குடுத்தேன்."

அந்த வைஸை மேசையோடு முடுக்கினார். சுவரிலிருந்த தன் துப்பாக்கியை இறக்கி, காலியா என்று பார்த்துவிட்டு அதில் மாட்டினார்.

"தள்ளு."

ஷெல்பி தள்ளினாள்.

"சோறு திங்கலியா? நல்லாத் தள்ளு."

உடம்பையே சாய்த்துத் தள்ளினாள். அசையவில்லை. ஹெர்ஷல் எழுந்து வந்து இரண்டு கையாலும் உலுக்கிப் பார்த்தார். "கோவேறு கழுதை உதைச்சாலும் நகராது போலிருக்கே!"

"சரி, நழுவல. ஆனா உள்ள தோட்டா இருந்து வெடிச்சிருக்கலாமே?" என்றாள் ஷெல்பி.

"எப்படிம்மா வெடிக்கும்?" ஆர்வில் துப்பாக்கியின் பின்பக்கத்திலிருந்து ஒரு சாண் நீள இரும்புத் தண்டை உருவி மேசை மேல் வைத்தார். "இதான் போல்ட்டு. தோட்டாவை அடிக்கிற ஊசி இதுக்குள்ளதான் இருக்கு. இதை உருவாம பின்னாலருந்து குச்சியே நுழையாது. உருவிட்டா அப்புறம் இது துப்பாக்கியே இல்ல, வெறும் குழாய். பத்து வருஷமா என்கூட வேட்டைக்கு வர்றவன். டஸ்டினுக்கு இது தெரியாதா?"

"அப்ப வைஸ் மேல தப்பில்ல."

"துளி கூட இல்ல."

"துடைக்கிறப்ப தானா வெடிக்கவும் வெடிக்காது."

"என் வைஸ்ல வெச்சுத் துடைச்சா எப்படி..."

ஆர்வில் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஹெர்ஷல் மேசை மேல் கிடந்த தண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வைஸ் வாங்க வந்தவன் தொப்பியைக் கழற்றினான்.

"ஷெல்பி, உள்ள வா, உட்கார்ந்து பேசலாம்" என்றார் ஆர்வில். குரல் இறங்கியிருந்தது. "டஸ்டின் நல்ல பையன்மா. அழுதுட்டே வந்து சொன்னான். உங்கம்மாவைக் கொஞ்சம் நினைச்சுப் பாரு."

"எங்கம்மாவுக்கு உங்களை நினைச்சாலே பயம். போன வாரம் வரைக்கும் எனக்கும் இருந்துச்சு. கோர்ட்டுல உத்தரவு வாங்கிட்டேன். வெள்ளிக்கிழமை அக்காவைத் தோண்டி எடுத்துப் பரிசோதனை பண்றாங்க. இப்ப நீங்க சொன்னதை இவங்க ரெண்டு பேரும் கேட்டாங்க. தேவைப்பட்டா கோர்ட்டுல வந்து சொல்லட்டும்."

பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து வைஸின் பக்கத்தில் வைத்துவிட்டு, எதுவும் வாங்காமல், திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

ஹெர்ஷல் தாளை விரித்தார். லீயானின் இறப்புச் சான்றிதழ். 'துப்பாக்கியைத் துடைக்கும்போது நேர்ந்த விபத்து. பிணப் பரிசோதனை தேவையில்லை' என்ற வரிக்குக் கீழே, ஊர் மக்கள் ஐந்து தேர்தலாக ஓட்டுப் போட்டு உட்கார வைத்திருக்கும் மரண விசாரணை அதிகாரியின் கையெழுத்து இருந்தது: ஆர்வில் காம்ப்ஸ்.