பூட்டாத போன்

ஆப் டிசைன் வகுப்பில் மனைவி சேர்ந்ததிலிருந்து அவனுக்கு மண்டைக்குள் ஒரே குடைச்சல். யார் யாருக்கோ போன் போட்டு, "அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு? மறைக்காம சொல்லுங்க" என்று குழைகிறாள்.

"யாரு அது?"

"எங்க ஆப்பைப் பயன்படுத்திப் பார்த்தவர்ங்க. கருத்து கேக்கறேன்."

யாருக்குக் காது குத்துகிறாள் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டான்.

இன்று அவள் போனைப் பூட்டாமல் மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். பாய்ந்து எடுத்தான். மெசேஜ், போட்டோ, கால்குலேட்டர் என்று ஒன்று விடாமல் துழாவினான். சந்தேகப்படும்படி ஒரு மண்ணும் இல்லை. போனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாகப் பேப்பரை விரித்துக்கொண்டான்.

தலையைத் துவட்டியபடி வந்தவள், போனில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை நிறுத்தி, போட்டுப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பயிற்சியாளரை அழைத்தாள்.

"மேடம், மெசேஜை ஒளிச்சு வைக்கிற நம்ம ஆப் சோதனையில பாஸ்! சந்தேகப் புருஷன் ஒருத்தர் கையிலயே சிக்க விட்டேன். போனைத் தலைகீழாப் புரட்டியும் அவரால கண்டுபிடிக்க முடியல."

அவன் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டான். அவள் அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கால்குலேட்டரைத் திறந்துட்டு உடனே மூடிட்டீங்களே, ஏங்க? மறைக்காம சொல்லுங்க."