சத்தமில்லாத மோட்டார்

“சத்தம் சுத்தமா வராதா மேடம்?”

சிங்காரம் திரும்பத் திரும்ப இதையே கேட்டார். நந்தினிக்குச் சிரிப்பு வந்தது.

“வராதுங்க. பேட்டரியில ஓடுற மோட்டார். டீசல் புகை கிடையாது, ஏரித் தண்ணியில எண்ணெய் மிதக்காது...”

“அதெல்லாம் இருக்கட்டும். சத்தம் வராதுன்னா எனக்குக் குடுங்க.”

பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்த அந்தக் குப்பத்துக்கு, ஓர் அறக்கட்டளையின் நிதியில் மின்மோட்டார் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தவள் நந்தினி. முதலில் ஒரே ஒரு படகில் பொருத்திப் பார்ப்பதாக ஏற்பாடு. அது நன்றாக ஓடினால் மற்ற படகுகளுக்கும் வரும். போன கூட்டத்தில், “நடு ஏரியில பேட்டரி தீந்துபோனா நீங்களா வந்து தள்ளுவீங்க?” என்று எழுந்து சண்டை போட்டவர் இதே சிங்காரம். இப்போது அவரே முதல் ஆளாக வந்து நிற்கிறார்.

மனம் மாறிவிட்டார் என்று நந்தினி மகிழ்ந்தாள். அன்றே மோட்டார் அவர் படகில் ஏறியது.

அடுத்த வாரம் ஊர்த் தலைவர் மோகன்குமார் போன் செய்தார்.

“மேடம், சிங்காரம் மாமா மேல எனக்கு டவுட்டா கீது. மத்தவங்க கெளம்பறதுக்கு முன்னாடியே பொண்டாட்டியக் கூட்டினு ஏரிக்குப் போயிடறாரு. எதிர்ல வந்தாகூட நம்மளக் கண்டுக்கறதில்ல.”

“அதுல என்ன தப்பு?”

“ஏரியில வலை போடற எடத்தப் பாடு பாடா பிரிச்சி வெச்சிருக்கோம். அவங்கவங்க பாட்டுலதான் வலை போடணும். இந்த மோட்டாருக்குத்தான் சத்தமே இல்லியே. பக்கத்து ஊரு பாட்டுல பூந்து எறால அள்ளினா யாருக்குத் தெரியும்?”

இரண்டு ஊருக்கும் சண்டை மூண்டால் திட்டம் அதோடு முடிந்தது. நிதி கொடுத்தவர்கள் மறுபடி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

“நிஜமா இருந்தா என்ன செய்வீங்க?”

“பாட்டப் புடுங்கிடுவோம். போன வருஷம் நாகப்பனுக்குக் கை விளங்காம போச்சு. தொழில் பண்ண முடியாதவனுக்குப் பாடு இல்லன்னு அவனுதையே வேற ஆளுக்குக் குடுத்தோம். ஊர்க் கட்டுப்பாடு அப்டி. மாமான்னெல்லாம் பாக்க மாட்டேன்.”

மறுநாள் விடியும் முன்பே இருவரும் கோல் ஊன்றித் தள்ளும் சின்னப் படகில் போய், இரண்டு ஊர் எல்லையில் காத்திருந்தார்கள். சிங்காரத்தின் பாடு அந்த எல்லையை ஒட்டியே இருந்தது. ஏரியில் ஒளிந்துகொள்ள இடம் ஏது?

“ஒளிய வேணாம் மேடம். தப்பு பண்றவன் நம்மளப் பாத்ததும் படகத் திருப்புவான். அதுவே சாட்சி.”

வெளிச்சம் நன்றாகப் பரவியபோது படகு வந்தது. திரும்பவில்லை. அவர்களை நோக்கி நேராகவே வந்தது. பின்னால் மோட்டாரின் பிடியைப் பிடித்தபடி சிங்காரம். முன்னால் அவர் மனைவி லோகநாயகி குனிந்து, தண்ணீரில் நட்டிருந்த வலைக் கழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோகன்குமார் எழுந்து நின்று, நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார். சிங்காரத்தின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“இன்னா தைரியம் பாருங்க” என்று மோகன்குமார் பல்லைக் கடித்தார்.

அப்போதுதான் லோகநாயகியின் மெல்லிய குரல் தண்ணீர் மேல் தெளிவாகக் கேட்டது.

“பீச்சாங்கைப் பக்கம் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... போதும். அப்டியே நேரா வா.”

நிமிர்ந்தவள் அவர்களைப் பார்த்துவிட்டாள். பேச்சு நின்றது. சத்தமில்லாமல் இரண்டு கைகளையும் அவர்களைப் பார்த்துக் கூப்பினாள்.

“இன்னா ஆச்சு லோகா? ஏன் பேச மாட்டேன்ற?” சிங்காரம் மோட்டாரை நிறுத்தினார்.

“ஒண்ணும் இல்ல. முன்னால ரெண்டு நாரை நிக்குது.”

படகு மிதந்து வந்து, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது. சிங்காரம் மோகன்குமாரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தபடி கேட்டார்.

“இவ்ளோ கிட்ட வந்தும் பறக்கலயா?”

மோகன்குமார் தோளில் கிடந்த துண்டை எடுத்து, நாரை சிறகடிப்பதுபோல் காற்றில் படபடவென்று உதறினார்.