டர்பன் மழை

"பெய்யட்டும். நல்லா கொட்டட்டும். விடியுற வரைக்கும் கொட்டட்டும்."

"வாய மூடு கோமு. பதினஞ்சு பேரு உசிரக் குடுத்து இம்புட்டுத் தூரம் வந்திருக்கான். நீ என்னன்னா..."

"அவன் எங்க வந்தா எனக்கென்ன? எம் புள்ள இங்கன வரணும்."

"...நீ என்னன்னா மழைய வரச்சொல்லி மாரடிக்கே."

பாளையங்கோட்டை வீட்டில், டிவி பெட்டிக்கு முன்னால் பூதலிங்கமும் கோமுவும் ஒருவர் பேச்சை ஒருவர் கேளாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் டர்பன் நகரத்து மைதானம் குளமாகக் கிடந்தது. தொண்ணூற்றைந்தாம் வருடத்து ரக்பி உலகக்கோப்பை அரையிறுதி. தென்னாப்பிரிக்காவும் பிரான்சும் ஆட வேண்டும். ஒரு மணி நேரமாக மழைதான் ஆடிக்கொண்டிருந்தது.

மகன் குருபிரசாத்துக்கு ஜோகன்னஸ்பர்க்கில் ஓட்டல் வேலை. இறுதியாட்டம் அந்த ஊரில்தான். "தென்னாப்பிரிக்கா இன்னைக்குத் தோத்தா திங்கக்கிழமையே ஊருக்குப் போ. ஜெயிச்சா ஓட்டல் நிரம்பிரும், லீவு கிடையாது" என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

வெள்ளிக்கிழமை மகள் சுப்ரஜாவுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணின் அண்ணன் கையால் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டால்தான் தட்டு மாற்றுவோம் என்று வள்ளியூர் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பம்பாய்க்குத் திரும்புகிறான். விட்டால் ஆடி வந்துவிடும்.

"தள்ளிப் போச்சுன்னா வேற இடம் பாத்துருவோம்னு மாப்பிள்ளையோட அம்மா முகத்துக்கு நேரயே சொல்லிட்டாவ. நிச்சயப் பட்டு எடுத்து பீரோவுல வச்சாச்சு. நெனப்பிருக்கா உங்களுக்கு?"

"சுப்ரஜாவ வேலைய விடச் சொன்னதும் அந்த அம்மாதான?"

"ஆமா, பெரிய கலெக்டர் வேலை. டெலிபோன் ஆபீஸ்ல காதுல மாட்டிக்கிட்டு நாள் பூரா அலோ அலோங்கா. விட்டா என்ன கொறஞ்சு போகும்?"

சுப்ரஜா தரையில் உட்கார்ந்து, கைகளைக் கோத்து, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

"பாருங்க. சாயங்காலத்துலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. அண்ணன் வரணும்னு நெல்லையப்பர வேண்டிக்கிட்டே இருக்கு."

"ஆட்டம் நடக்காமலே போனா என்னப்பா ஆகும்?" என்றாள் சுப்ரஜா.

"பிரான்சுக்காரன் பைனலுக்குப் போயிருவான். தென்னாப்பிரிக்காக்காரனுவ முந்தி ஒரு ஆட்டத்துல சண்டை போட்டு, ஒருத்தன வெளிய அனுப்பிட்டாவ. அந்தக் கரும்புள்ளி இருக்குல்லா."

"அப்படிச் சொல்லுங்க" என்று கோமு காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தாள்.

அப்போதுதான் மைதானத்துக்குள் பெண்கள் வந்தார்கள். கையில் ஆளுக்கொரு துடைப்பம். கொட்டுகிற மழையில் வரிசையாக நின்று தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தார்கள். தள்ளிய இடத்தில் மறுபடி தண்ணீர் வந்தது. மறுபடி தள்ளினார்கள்.

"யாரு இவளுவ? கூறு கெட்டவளுவ, மழைக்குள்ள வாரியலத் தூக்கிக்கிட்டு."

"மைதானத்து வேலைக்காரங்க போல."

"காத்து எதுக்க அடிக்கி. நடுவுல நின்னு தள்ளுனா தண்ணி காலச் சுத்தித்தான் வரும். ஓரமா ஒதுக்கணும். அந்தாக்குல கடைசியில நிக்கா பாருங்க, அவ தெரிஞ்சவ. பைய, விடாம தள்ளுதா. இடுப்பு நிமிரல பாத்தீங்களா?" கோமு சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் ஒருத்தி. எம் புள்ள வழியில கல்லப் போடுதாளுவ, அவளுக்குப் போயி..."

பூதலிங்கம் சிரித்தார். "உள்ள முப்பது பயில்வான் கையக் கட்டிக்கிட்டு நிக்கான். ஆட்டத்த நடத்தப் போறது இவளுவதான்."

சுப்ரஜா எழுந்து பெட்டிக்கு ஒரு முழத் தூரத்தில் போய் மண்டியிட்டாள்.

"பயப்படாதளா. இம்புட்டுத் தண்ணிய இவளுவளால தள்ள முடியாது" என்றாள் கோமு.

தள்ளிவிட்டார்கள்.

ஆட்டம் நடந்தது. சேற்றில் புரண்டு எழுந்ததில் எந்தச் சட்டை எந்த நாடு என்றே தெரியவில்லை. முட்டை மாதிரிப் பந்தைக் கட்டிக்கொண்டு ஓடினவன் மேல் நாலு பேர் விழுந்தார்கள். விழுந்தவன் எழுந்து மறுபடி ஓடினான். முடிவதற்குச் சற்று முன்னால் பிரான்சுக்காரன் ஒருவன் பந்தோடு பாய்ந்தான். எல்லைக் கோட்டைப் பந்தோடு தொட்டால் ஜெயம்.

"தொடுலே, தொடுலே" என்று கோமு எழுந்தே விட்டாள்.

ஒரு சாண் தூரத்தில் அவனை அமுக்கிவிட்டார்கள்.

பத்தொன்பதுக்குப் பதினைந்து. தென்னாப்பிரிக்கா ஜெயித்தது. மூன்று வாரமாக ஒரு ஆட்டம் விடாமல் பார்த்துக் கைதட்டிய பூதலிங்கம் இன்றைக்குத் தட்டவில்லை. மகளின் முதுகைப் பார்த்தபடி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கோமு பொத்தென்று உட்கார்ந்தாள். "போச்சு. எம் புள்ளையும் வர மாட்டான், பம்பாய் மாப்பிள்ளையும் போச்சு. வாரியலத் தூக்கிட்டு வந்து எங் குடியக் கெடுத்துட்டாளுவ."

சுப்ரஜாவின் தோள் குலுங்கியது. கோமு நகர்ந்து போய் மகளின் தலையைத் தடவினாள். "அழாதளா. உனக்குன்னு ஒருத்தன் எங்கனயாவது பொறந்திருப்பான். அம்மா இருக்கேன்லா."

சுப்ரஜா திரும்பினாள். கண் நிறைய நீர். முகம் நிறையச் சிரிப்பு.

"அம்மா, பீரோவுல இருக்க நிச்சயப் பட்ட அண்ணனுக்கு அனுப்பி, கடைசியில நின்னு பெருக்குனாங்கல்லா, அவங்களத் தேடிக் குடுக்கச் சொல்லட்டுமா?"