கறுப்பு மண் தொட்டிகள்

"பாருங்கப்பா, நல்லாக் கிட்ட வந்து பாருங்க! ரெண்டு வரிசையும் செத்துக் கிடக்கு. தைலமரம் மண்ணுல விஷத்தை இறக்குதுன்னு நாலு வருஷமா நம்ம காதைக் குடைஞ்சாளே உஷியா, இப்ப என்ன சொல்லப்போறா?"

அவெலினோ இருமலுக்கு நடுவே சிரித்தார். பழைய பள்ளிக்கூடத்தில் கூடியிருந்த முப்பது வீட்டுக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். வெளியே ஸ்பெயினின் கலீசியாவுக்கே உரிய ஓயாத மழை.

மேசைமேல் பன்னிரண்டு தொட்டிகள். ஆறில் தைலமரத் தோப்பின் மண். ஆறில் ஆற்றோர ஓக் காட்டின் கறுப்பு மண். எல்லாவற்றிலும் ஓக் விதை ஊன்றியவள் உஷியா. "உன் வீட்டுல இருந்தா நீ தில்லுமுல்லு பண்ணுவே" என்று தன் வீட்டுக் கண்ணாடி வராந்தாவுக்கு அவற்றைத் தூக்கிப்போனவர் அவெலினோ.

இன்று ஓட்டெடுப்பு. மரம் வெட்டி மொட்டையாகக் கிடக்கும் ஊர்ப் பொதுமலையில் மறுபடியும் தைலமரமா, ஓக்கா? வீட்டுக்கு ஒரு கை.

உஷியா குனிந்து பார்த்தாள். தைலமரத்து மண்ணில் இருந்தவை விரல் உயரம்கூட எழவில்லை. அது அவள் எதிர்பார்த்ததுதான். ஆனால் கறுப்பு மண்ணில் இருந்தவை ஒரு சாண் வளர்ந்த பிறகு கருகியிருந்தன. ஏன்? இத்தனை வருடம் அவள் நம்பியது ஓக்கையா, தன் பிடிவாதத்தையா? முதல் முறையாக அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. அந்தச் சிரிப்பைவிட இதுதான் வலித்தது.

"அண்ணே, ஒழுங்காத் தண்ணி ஊத்துனீங்களா?"

"நான் எங்க ஊத்துனேன்? குளிர்காலம் பூரா நெஞ்சுச் சளியோட படுத்துக் கிடந்தேன். எர்மிந்தாதான் பாத்துக்கிட்டா. ஏய், சொல்லுடி! ஊத்துனியா இல்லியா?"

கடைசி பெஞ்சில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த அவர் மனைவிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஊத்தாம? தைலமரத்து மண்ணுக்குக் குழாய்த் தண்ணி. கறுப்பு மண்ணுக்கு அதைவிட ஒசத்தி. என்ன வளர்த்தி, என்ன பச்சை! என் கண்ணே பட்டிரும்போல இருந்துச்சு. பாசம் தாங்காமத்தான் தனியாக் கவனிச்சேன்."

"ஒசத்தின்னா... என்னக்கா அது?" உஷியா அவள் பக்கம் திரும்பினாள்.

"இவருக்கு நாள் தவறாம ஆவி பிடிக்க ஒரு பானை தைல இலை வேகவைப்பேன்ல? அந்தத் தண்ணியை வீணாக்குவானேன்னு ஆறவெச்சு அதுங்களுக்கு ஊத்துனேன். அப்புறம்தான் வாடுச்சுங்க. அடக் கடவுளே... அப்ப நானா கொன்னேன்?"

சிரிப்பு நின்றது. முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அப்புறம் நாலு, அப்புறம் பத்து, இருபது. உஷியா கண்ணீரினூடே எண்ணிக்கொண்டிருந்தாள். இருமக்கூட மறந்து நின்ற அவெலினோ திரும்பிப் பார்ப்பதற்குள், பின்னல் ஊசியோடு ஓக்குக்காக உயர்ந்திருந்தது அவர் வீட்டின் கை.